எம்.ஐ.டி.யின் 6.5840 பாடத்தை வீட்டிலிருந்தே முடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முதுநிலைக் கணினியியல் பாடங்களில் வெளியாட்களும் முதலிலிருந்து கடைசிவரை செய்துபார்க்கும்படி திறந்து வைத்திருப்பவை சிலவே. அவற்றில் முதலில் கைவைக்க வேண்டியது எம்.ஐ.டி.யின் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் (பல கணினிகள் சேர்ந்து ஒன்றுபோல் இயங்கும் அமைப்புகள்) பாடம் என்பது எங்கள் கருத்து. நெடுநாள் 6.824 என்ற எண்ணில் அறியப்பட்ட அந்தப் பாடத்துக்கு 2023 முதல் 6.5840 என்று எண். வகுப்புக் குறிப்புகள், படிக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரைகள், பழைய வினாத்தாள்கள், லேப் பயிற்சிகளின் தொடக்க நிரல் எல்லாம் பாடப்பக்கத்தில் இலவசமாக இருக்கின்றன. 2020-ல் ராபர்ட் மாரிஸ் பொறுப்பில் நடந்த 20 வகுப்புகளும் யூடியூபில் கிடைக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கொடை, லேப்களோடு சேர்ந்து வரும் சோதனை நிரல். எழுதியது சரியா தப்பா என்று சொல்ல வாத்தியார் தேவையில்லை. அந்த நிரல் ஈவிரக்கமின்றிச் சொல்லிவிடும். காணொளிகளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் ஏட்டுச் சுரைக்காய்தான். இந்தப் பாடத்தின் உயிர் லேப்களில், அதிலும் குறிப்பாக ராஃப்ட் (சர்வர்கள் தமக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்து, கட்டளைகளை எல்லோரிடமும் ஒரே வரிசையில் வைத்துக்கொள்ளும் முறை) எழுதும் மூன்றாம் லேபில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியிலும் பெரும்பங்கு அதற்கே.

சொல் பற்றி ஒரு குறிப்பு. ராஃப்டில் "லாக்" என்று இரண்டு வரும். கட்டளைகள் வரிசையாக ஏறும் லாக் ஒன்று. இரண்டு கோரூட்டீன்கள் (லேப்கள் எழுதப்படும் கோ (Go) மொழியின் இலகுவான த்ரெட்கள்) ஒரே நேரத்தில் உள்ளே நுழையாமல் தடுக்கும் லாக் இன்னொன்று. குழப்பம் வராமலிருக்க முதலாவதைப் பதிவேடு என்றும் இரண்டாவதைப் பூட்டு என்றும் இங்கே எழுதுகிறோம்.

தொடங்கும் முன்

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ப்ராசஸ், த்ரெட், பூட்டு, கோப்பு முறைமை ஆகியவை கைவந்திருக்க வேண்டும். டி.சி.பி. இணைப்பு எப்படி அறுபடும், செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது அனுப்பியவருக்குத் தெரியாமல் போவது ஏன் என்பது புரிந்திருக்க வேண்டும். லேப்களை எழுத வேண்டியது கோ மொழியில்; அது முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேறொரு மொழியில் ஆயிரம் வரி நிரல் எழுதியவருக்கு கோவின் அதிகாரபூர்வப் பயிற்சிப் பக்கமே போதும். ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். கோரூட்டீன், சேனல் (கோரூட்டீன்கள் செய்தி பரிமாறும் குழாய்), மியூடெக்ஸ் (பூட்டு), கண்டிஷன் வேரியபிள் (ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை தூங்க வைப்பது) இந்த நான்கையும் மட்டும் சிறு நிரல்கள் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு. எம்.ஐ.டி.யில் இது 12 யூனிட் பாடம். அங்கே ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர உழைப்பு. ஆக ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் 12 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் 8 மணி நேரம் ஒதுக்குபவர் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: லேப் 1-க்கு 2 வாரம், லேப் 2-க்கு 1, லேப் 3-க்கு 8, லேப் 4-க்கு 4, லேப் 5-க்கு 6. மொத்தம் 21, தள்ளிப்போவதற்கு 3 சேர்த்து 24 வாரம். லேப் 3-ஐ மூன்று வாரத்தில் முடிக்கத் திட்டமிட்டுவிட்டு, முடியாமல் மனம் உடைந்து விடுபவர்கள்தான் அதிகம். அந்த 8 வாரத்தைக் குறைக்காதீர்கள்.

கணினிக்கு 8 ஜி.பி. ரேம், நான்கு கோர் போதும். லினக்ஸ் அல்லது மேக் இருக்கட்டும். கோ மொழியின் பிளகின் (தனியே கட்டிய நிரல்துண்டை ஓடும்போது இணைக்கும்) வசதி விண்டோஸில் இயங்காது. லேப் 1-க்கு அது தேவை. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூ.எஸ்.எல். 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு, உபுண்டுவுக்குள் எல்லாவற்றையும் செய்யுங்கள். லினக்ஸில் சி கம்பைலரான ஜி.சி.சி.யும் நிறுவியிருக்க வேண்டும். இல்லையென்றால் ரேஸ் டிடெக்டர் (இரண்டு கோரூட்டீன்கள் பூட்டின்றி ஒரே மாறியைத் தொடுவதைப் பிடிக்கும் கருவி) ஓடாது. அது இல்லாமல் இந்த லேப்களில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டில் நடப்பது.

ஆண்டைத் தேர்ந்தெடுப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். லேப் கேள்விகளும் தொடக்க நிரலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. ஒரே ஆண்டின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே போங்கள். இங்கே சொல்பவை 2024-ன் வரிசைப்படி: லேப் 1 மேப்ரெடியூஸ் (பெரிய வேலையை மேப், ரெடியூஸ் என்ற இரண்டு கட்டங்களாகப் பல கணினிகளுக்குப் பங்கிடும் முறை), லேப் 2 ஒரே கணினியில் கீ-வேல்யூ (பெயருக்கு ஒரு மதிப்பைச் சேமித்துத் தரும்) சர்வர், லேப் 3 ராஃப்ட், லேப் 4 ராஃப்டின் மேல் கீ-வேல்யூ சேவை, லேப் 5 ஷார்டுகளாக (தனித்தனிப் பங்குகளாக) பிரித்த சேவை. பழைய ஆண்டுகளில் ராஃப்ட் இரண்டாம் லேபாக இருந்தது. இணையத்தில் யாராவது "2பி-யில் மாட்டிக்கொண்டேன்" என்று எழுதியிருந்தால் அது இப்போதைய 3பி, அதாவது மூன்றாம் லேபின் இரண்டாம் பகுதி. காணொளிகளுக்கு மட்டும் 2020-ஐ வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கட்டுரைகளைப் படிக்கும் முறை

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கட்டுரை. வகுப்பைப் பார்ப்பதற்கு முன் அதைப் படித்திருக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பயன் பாதிதான். முதல் வாசிப்பில் முன்னுரை, வடிவமைப்பு, அளவீட்டு அட்டவணைகள் மட்டும். இரண்டாம் வாசிப்பில் ஒரு தாளை வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எது செயலிழந்தால் என்ன நடக்கும்? பயன்படுத்துபவருக்கு இந்த அமைப்பு தரும் வாக்குறுதி என்ன? அந்த வாக்குறுதிக்குக் கொடுக்கும் விலை என்ன?

கூகுளின் கோப்பு முறைமையான ஜி.எஃப்.எஸ். பற்றிய கட்டுரையை (2003) எடுத்துக்கொண்டால்: 64 எம்.பி. துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக மூன்று நகல்கள், ஒரே ஒரு மாஸ்டர். ஒரு துண்டுக்குப் பொறுப்பாக இருக்க ஒரு சர்வருக்கு மாஸ்டர் தரும் குத்தகை 60 விநாடி. ஏன் குத்தகை, ஏன் நிரந்தர உரிமை இல்லை என்று யோசித்தால், இணைப்பு அறுந்த சர்வர் தன்னை இன்னும் பொறுப்பில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து புரியும். இதே ஆபத்து வேறு உருவில் ராஃப்டிலும் வரும். அமேசானின் தரவுத்தளமான அரோரா ஆறு நகல்களை மூன்று வளாகங்களில் வைக்கிறது. எழுத நான்கு, படிக்க மூன்று நகல்கள் வேண்டும். 4+3 ஆறைத் தாண்டுவதால் எழுதியவரும் படிப்பவரும் ஏதாவது ஒரு நகலில் சந்தித்தே ஆக வேண்டும். இப்படி எண்களை வைத்துக் கையால் போட்டுப் பார்த்த கட்டுரைதான் நினைவில் நிற்கும்.

எல்லாக் கட்டுரைக்கும் ஒரே உழைப்பு வேண்டாம். மேப்ரெடியூஸ், ஜி.எஃப்.எஸ்., ராஃப்ட், ஜூகீப்பர், ஸ்பானர், ஃபேஸ்புக்கின் மெம்கேஷ் கட்டுரை ஆகியவற்றை ஆழமாகப் படியுங்கள். பிட்காயின், பிளாக்ஸ்டாக் போன்றவற்றை ஒருமுறை வாசித்து வகுப்பைக் கேட்டால் போதும்.

லேப் 1: மேப்ரெடியூஸ்

ஒரு கோஆர்டினேட்டர், பல வொர்க்கர்கள். எல்லாம் ஒரே கணினியில் தனித்தனி ப்ராசஸ்களாக ஓடி, யூனிக்ஸ் சாக்கெட் வழியே ஆர்.பி.சி. (இன்னொரு ப்ராசஸின் ஃபங்ஷனை அழைக்கும் முறை) மூலம் பேசிக்கொள்ளும். உள்ளீடு எட்டு நூல்களின் உரைக்கோப்புகள். ரெடியூஸ் பணிகள் 10.

முதலில் தொடக்க நிரலில் இருக்கும் ஒற்றை ப்ராசஸ் வடிவத்தை ஓட்டிப் பார்த்து, அதன் வெளியீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவது கடைசியில் அதோடு பொருந்த வேண்டும். அடுத்து, வொர்க்கர் "வேலை கொடு" என்று கேட்க, கோஆர்டினேட்டர் ஒரு கோப்பின் பெயரைத் திருப்பித் தருவது வரை மட்டும் எழுதுங்கள். அது ஓடிய பிறகு மேப் பணி. ஒவ்வொரு மேப் பணியும் கிடைத்த கீ-வேல்யூக்களைக் கீயின் ஹேஷை 10-ஆல் வகுத்த மீதிப்படி 10 இடைக்கோப்புகளில் ஜேசன் வடிவில் எழுதும். ரெடியூஸ் பணி தன் எண்ணுக்குரிய எல்லா இடைக்கோப்புகளையும் படித்து, கீ வாரியாக வரிசைப்படுத்தி, ரெடியூஸ் ஃபங்ஷனுக்குக் கொடுத்து வெளியீட்டை எழுதும்.

தவறு நடக்கும் இடங்கள்:

- ஆர்.பி.சி.யில் அனுப்பும் ஸ்ட்ரக்டின் புலப்பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்காவிட்டால் கோ அவற்றை அனுப்பாது. பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் மறுமுனையில் பூஜ்யமாக வந்து நிற்கும்.
- மேப் பணிகள் அனைத்தும் கொடுத்தாகிவிட்டன, ஆனால் முடியவில்லை. இந்த இடைவெளியில் வேலை கேட்கும் வொர்க்கருக்கு "காத்திரு" என்ற பதில் வேண்டும். "வேலை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டால் ரெடியூஸுக்கு ஆள் இருக்காது.
- பிளகின் கட்டிய (பில்டு செய்த) பிறகு நூலகத்தில் ஒரு வரி மாற்றினாலும் பிளகினை மறுபடி கட்ட வேண்டும். இல்லையேல் வேறு பதிப்பில் கட்டப்பட்டது என்ற பிழை வரும். ரேஸ் டிடெக்டரோடு ஓட்டினால் பிளகினையும் அதே ஃப்ளாக்கோடு (-race) கட்ட வேண்டும்.
- 10 விநாடிக்குள் முடியாத பணியைக் கோஆர்டினேட்டர் வேறொருவருக்குக் கொடுக்கும். பழைய வொர்க்கர் சாகவில்லை, தாமதம்தான் என்றால் இருவருமே "முடித்தேன்" என்பார்கள். முடிந்த பணிகளை வெறும் எண்ணாக எண்ணிக்கொண்டிருந்தால் ஒரே பணி இரண்டு முறை எண்ணப்படும். ஒவ்வொரு பணிக்கும் தனி நிலை வைத்து, ஏற்கெனவே முடிந்ததை ஒதுக்குங்கள்.

கோப்பை நேரடியாக இறுதிப் பெயரில் எழுதவே கூடாது. தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுதாக முடிந்ததும் பெயரை மாற்றுங்கள். பெயர்மாற்றம் ஒரே அடியில் நடப்பது. பாதியில் செத்த வொர்க்கரின் அரைகுறைக் கோப்பு யார் கண்ணிலும் படாது. மூலக் கட்டுரையிலும் ரெடியூஸ் வெளியீட்டுக்கு இதே உத்திதான்.

தாமதமான வொர்க்கர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தக் கட்டுரையிலேயே எண் இருக்கிறது. ஏறத்தாழ 1,800 கணினிகளில் ஒரு டெராபைட்டை வரிசைப்படுத்த 891 விநாடி ஆனது. கடைசியில் தேங்கும் பணிகளை இன்னொருவருக்கும் கொடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தியபோது 1,283 விநாடி. 44 விழுக்காடு கூடுதல்.

லேப் 2

சிறியது, ஆனால் தாண்டிப் போகாதீர்கள். கிளையண்ட் ஒரு கோரிக்கை அனுப்புகிறது, பதில் வரவில்லை. கோரிக்கை போய்ச் சேரவில்லையா, செய்து முடித்து பதில் தொலைந்ததா? தெரியாது. மறுபடி அனுப்பினால் "அப்பெண்ட்" (இருக்கும் மதிப்பின் முடிவில் சேர்க்கும் கட்டளை) இரண்டு முறை நடந்துவிடலாம். தீர்வு: ஒவ்வொரு கிளையண்டுக்கும் ஓர் அடையாள எண், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏறுவரிசை எண். சர்வர் ஒவ்வொரு கிளையண்டுக்கும் கடைசியாகச் செய்த எண்ணையும் அதன் பதிலையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அடுத்த எண் வந்துவிட்டது என்றாலே முந்தைய பதில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். எல்லாப் பதில்களையும் சேர்த்து வைத்தால் நினைவகச் சோதனையில் விழுவீர்கள். இந்த அட்டவணை லேப் 4-லும் 5-லும் மறுபடி வரும்.

லேப் 3: ராஃப்ட்

ராஃப்ட் கட்டுரை டியகோ ஒங்காரோவும் ஜான் ஓஸ்டர்ஹவுட்டும் 2014-ல் வெளியிட்டது. அதன் நீட்டித்த பதிப்பைப் படியுங்கள். படித்த பிறகு படம் 2-ஐ ஒரு தாளில் அச்சிட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கப் படம்தான் லேப் 3. அதில் இருப்பவற்றை வழிகாட்டும் குறிப்பு என்று எடுத்துக்கொள்பவர்கள் தோற்கிறார்கள். சட்டம் என்று எடுத்துக்கொண்டு வரிக்கு வரி நிரலாக்குபவர்கள் தேறுகிறார்கள். "இது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதானே" என்று தோன்றி விட்டுவிட்ட நிபந்தனைதான் மூன்று வாரம் கழித்து நடுநிசியில் உங்களைத் தேட வைக்கும்.

சோதனை நிரல் எப்படிப்பட்ட நெட்வொர்க்கைத் தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நம்பகமற்ற நிலையில் கோரிக்கைகளில் 10 விழுக்காடு தொலையும், பதில்களில் 10 விழுக்காடு தொலையும், ஒவ்வொன்றும் 26 மில்லிவிநாடி வரை தாமதமாகும். வரிசை குலைக்கும் நிலையில் மூன்றில் இரண்டு பதில்கள் 200 மில்லிவிநாடிக்கு மேல், சில 2 விநாடிக்கு மேலும் தாமதித்து வரும். அதற்குள் தலைவரே மாறியிருக்கலாம்.

3ஏ, தலைவர் தேர்தல். கட்டுரை சொல்லும் 150 முதல் 300 மில்லிவிநாடி தேர்தல் கெடு (தலைவரிடமிருந்து செய்தி வராமல் இவ்வளவு நேரம் போனால் புதிய தேர்தல்) இங்கே ஒத்துவராது. ஹார்ட்பீட் (தான் உயிரோடு இருப்பதாகத் தலைவர் அனுப்பும் செய்தி) விநாடிக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது என்பது லேபின் விதி. அதாவது 100 மில்லிவிநாடிக்கு ஒன்று. கெடு 250 என்று வைத்தால் அடுத்தடுத்து இரண்டு ஹார்ட்பீட் தொலைந்தாலே தேர்தல் வெடிக்கும். 10 விழுக்காடு இழப்பில் அது நூற்றுக்கு ஒருமுறை நடக்கும். 400 முதல் 800 வரை தற்செயலாகத் தேர்ந்தால் குறைந்தது மூன்று, நான்கு ஹார்ட்பீட்களாவது தொலைய வேண்டும், அது அபூர்வம். மறுபக்கம், தலைவர் போன 5 விநாடிக்குள் புதியவர் வந்தாக வேண்டும். ஓட்டு சிதறி இரண்டு மூன்று சுற்று போனாலும் இந்தக் கெடு அதற்குள் அடங்கும்.

கோவின் டைமர் வசதியைத் தொடாதீர்கள். அதைத் திரும்ப அமைப்பதில் நுட்பமான கண்ணிகள் உண்டு. கடைசியாகச் செய்தி கேட்ட நேரத்தை ஒரு மாறியில் வைத்து, 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கும் ஒரு கோரூட்டீன் போதும்.

அந்த நேரத்தைப் புதுப்பிக்க வேண்டிய சந்தர்ப்பங்கள் மூன்றே: நடப்புத் தலைவரிடமிருந்து அப்பெண்ட்என்ட்ரீஸ் (புதிய பதிவுகளைச் சேர்க்கச் சொல்லும் செய்தி) வரும்போது, தானே தேர்தலில் நிற்கும்போது, ஓட்டுப் போடும்போது. ஓட்டுக் கேட்டு வந்த ஒவ்வொரு முறையும் புதுப்பித்தால், பின்தங்கிய பதிவேடு கொண்ட ஒருவர் ஓயாமல் ஓட்டுக் கேட்டுத் தகுதியுள்ளவரை எழவிடாமல் செய்துவிடுவார்.

பூட்டைப் பிடித்துக்கொண்டு ஆர்.பி.சி. அனுப்பவே கூடாது. இரண்டு சர்வர்கள் தத்தம் பூட்டைப் பிடித்தபடி ஒன்றையொன்று அழைத்தால் இரண்டும் உறைந்துபோகும். அனுப்ப வேண்டியதைப் பூட்டுக்குள் தயார்செய்து, பூட்டை விட்டு, அனுப்பி, பதில் வந்ததும் மறுபடி பூட்டுங்கள். பூட்டிய உடனே முதல் கேள்வி: நான் அனுப்பியபோது இருந்த டெர்ம்தான் (தேர்தலுக்குத் தேர்தல் ஏறும் தவணை எண்) இப்போதும் இருக்கிறதா? இன்னும் அதே பதவியில்தான் இருக்கிறேனா? இல்லையென்றால் பதிலைத் தூக்கி எறியுங்கள். இந்த இரண்டு வரிச் சோதனை விடுபட்ட நிரல் 3ஏ-யில் தேறிவிடும், 3சி-யில் மாட்டும்.

3பி, பதிவேடு. இங்கே வழக்கமாக வரும் பிழைகள் நான்கு.

ஹார்ட்பீட்டைத் தனிவகையாக நினைப்பது முதல் பிழை. அது காலியான அப்பெண்ட்என்ட்ரீஸ், அவ்வளவுதான். முந்தைய பதிவின் எண்ணும் டெர்மும் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் "சரி" என்று பதில் அனுப்பினால், தன் பதிவேடும் இவர் பதிவேடும் ஒத்திருப்பதாகத் தலைவர் நம்பிவிடுவார். நடக்காத ஒன்றை கமிட் செய்துவிடுவார், அதாவது பெரும்பான்மையிடம் சேர்ந்து உறுதியானது என்று முடிவு செய்துவிடுவார்.

இரண்டாவது, அப்பெண்ட்என்ட்ரீஸ் வந்ததும் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் வெட்டிவிடுவது. வந்தது தாமதித்த பழைய செய்தியாக இருக்கலாம். முரண்படும் பதிவு கண்ணில் பட்டால் மட்டும் அங்கிருந்து வெட்டுங்கள். முரண்பாடு இல்லையென்றால் கை வைக்காதீர்கள். வெட்டினால், "பெற்றுக்கொண்டேன்" என்று முன்பு சொன்ன பதிவையே மறந்தவர் ஆவீர்கள்.

மூன்றாவது, மேட்ச்இண்டெக்ஸ்: ஒரு சர்வரின் பதிவேடு எந்த எண் வரை தன்னுடையதோடு ஒத்திருக்கிறது என்று தலைவர் வைத்திருக்கும் கணக்கு. பதில் வந்தபோது பதிவேட்டின் நீளம் எவ்வளவோ அதையே போட்டுவிடுகிறார்கள். அனுப்பிய பிறகு பதிவேடு வளர்ந்திருக்கும். அனுப்பிய கோரிக்கையில் இருந்த முந்தைய எண்ணோடு, அதில் அனுப்பிய பதிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே சரி.

நான்காவது, கட்டுரையின் படம் 8. ஐந்து சர்வர்கள். எஸ்1 டெர்ம் 2-ல் தலைவராகி, இரண்டாம் இடத்தில் ஒரு பதிவைத் தன்னிலும் எஸ்2-விலும் எழுதிவிட்டுச் சாய்கிறது. எஸ்5 டெர்ம் 3-ல் எஸ்3, எஸ்4 ஓட்டுடன் வந்து, அதே இடத்தில் வேறொரு பதிவைத் தன்னிடம் மட்டும் எழுதிவிட்டுச் சாய்கிறது. எஸ்1 மறுபடி டெர்ம் 4-ல் தலைவராகி, பழைய பதிவை எஸ்3-க்கும் அனுப்புகிறது. இப்போது ஐந்தில் மூன்று பேரிடம் அது இருக்கிறது. கமிட் ஆனதா? இல்லை. எஸ்1 இந்த நேரத்தில் சாய்ந்தால், கடைசிப் பதிவின் டெர்ம் 3 ஆக இருப்பதால் எஸ்5-க்கு எஸ்2, எஸ்3, எஸ்4 ஓட்டுப் போடலாம். எஸ்5 அந்த இடத்தை அழித்து எழுதிவிடும். அதனால்தான் தலைவர் தன் சொந்த டெர்மின் பதிவை மட்டுமே எண்ணிக்கையை வைத்து கமிட் செய்ய வேண்டும். அது கமிட் ஆனால் அதற்கு முந்தையவை தாமாக கமிட் ஆகும். இந்த ஐந்து சர்வர் கதையைத் தாளில் கட்டம் போட்டு ஒருமுறை நடத்திப் பார்க்காமல் நிரலைத் தொடாதீர்கள்.

கமிட் ஆனவற்றை மேலே (ராஃப்டைப் பயன்படுத்தும் சேவைக்கு) அனுப்ப ஒரே ஒரு கோரூட்டீன் வையுங்கள். கண்டிஷன் வேரியபிளில் தூங்கி, எழுந்ததும் பதிவுகளை நகலெடுத்து, பூட்டை விட்டுவிட்டுச் சேனலில் போட வேண்டும். பூட்டோடு சேனலில் போட்டால் 3டி-யில் ஸ்னாப்ஷாட் (சேவையின் நிலையைச் சேமித்துப் பழைய பதிவுகளை வெட்டும்) அழைப்பு அதே பூட்டுக்குக் காத்து நிற்க, எல்லாம் நின்றுபோகும்.

3சி, நிலைநிறுத்தல். சேமிக்க வேண்டியவை மூன்று: நடப்பு டெர்ம், யாருக்கு ஓட்டுப் போட்டோம், பதிவேடு. இவற்றில் எது மாறினாலும், பதில் அனுப்பும் முன்பே சேமித்தாக வேண்டும். ஓட்டைச் சேமிக்காமல் மறுதொடக்கம் ஆன சர்வர் அதே டெர்மில் இன்னொருவருக்கும் ஓட்டுப் போடும். ஒரே டெர்மில் இரண்டு தலைவர்கள் வந்துவிடுவார்கள்.

எழுத வேண்டிய நிரல் பத்து வரிதான். ஆனால் 3ஏ, 3பி-யில் ஒளிந்திருந்த பிழைகள் அத்தனையும் இங்கேதான் வெளியே வரும். 3சி-யில் தோற்றால் சேமிக்கும் நிரலை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். படம் 2-ஐ எடுத்து மறுபடி வரிக்கு வரி சரிபாருங்கள். நெக்ஸ்ட்இண்டெக்ஸை (ஒரு சர்வருக்கு அடுத்து அனுப்ப வேண்டிய பதிவின் எண்) ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்துவதும் இங்கே போதாது. மறுக்கும் சர்வர், முரண்படும் பதிவின் டெர்ம், அந்த டெர்மின் முதல் எண், தன் பதிவேட்டின் நீளம் மூன்றையும் சேர்த்து அனுப்பினால் தலைவர் ஒரு டெர்ம் முழுவதையும் ஒரே தாவலில் கடந்துவிடலாம்.

3டி, ஸ்னாப்ஷாட். பதிவேட்டின் முன்பகுதியை வெட்டிய பிறகு, அணியின் இடமும் பதிவின் எண்ணும் ஒன்றல்ல. நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நேரடி அணுகல்களை முதலில் மாற்றுங்கள்: முதல் எண், கடைசி எண், இந்த எண்ணில் உள்ள பதிவு ஆகியவற்றுக்கு மூன்று சிறு ஃபங்ஷன்கள். அவற்றை வைத்து 3ஏ முதல் 3சி வரை மறுபடி தேறிய பிறகே வெட்டத் தொடங்குங்கள். அணியின் பூஜ்ய இடத்தில், வெட்டிய கடைசிப் பதிவின் டெர்மைத் தாங்கிய ஒரு வெற்றுப் பதிவை வைத்தால் எல்லைச் சோதனைகள் பாதியாகக் குறையும்.

வெட்டும்போது புதிய அணியில் நகலெடுங்கள். ஸ்லைஸை மட்டும் நகர்த்தினால் பழைய அணி நினைவகத்திலேயே கிடக்கும். மறுதொடக்கத்தில் கமிட்இண்டெக்ஸும் (கடைசியாக கமிட் ஆன பதிவின் எண்) கடைசியாக மேலே அனுப்பிய எண்ணும் பூஜ்யத்திலிருந்து தொடங்கக் கூடாது. ஸ்னாப்ஷாட்டின் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். தாமதித்து வரும் பழைய ஸ்னாப்ஷாட்டை ஒதுக்குங்கள். ஏற்றுக்கொண்டால் சேவை பின்னோக்கிப் போய்விடும்.

பிழை தேடும் முறை

டீபக்கர் இங்கே உதவாது. நிரலை நிறுத்தினால் கெடுக்கள் எல்லாம் தவறும். அச்சிட்டுப் பார்ப்பதே வழி. ஆனால் ஒழுங்காக அச்சிட வேண்டும்: சோதனை தொடங்கியதிலிருந்து மில்லிவிநாடி, சர்வர் எண், டெர்ம், வகை (ஓட்டு, தலைவர், பதிவு, கமிட், சேமிப்பு, ஸ்னாப்ஷாட்), பிறகு விவரம். ஒவ்வொரு வரியும் ஒரே வடிவில். இதைப் படித்து, சர்வருக்கு ஒரு பத்தியாக, வகைக்கு ஒரு நிறமாகக் காட்டும் சிறு பைதான் நிரல் ஒன்றை 3ஏ தொடங்கும்போதே எழுதிவிடுங்கள். அந்த ஒரு மாலைப் பொழுது பின்னால் பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

நிரல் உறைந்து நின்றால் கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டு விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு கோரூட்டீனும் எந்த வரியில் நிற்கிறது என்று கோ அச்சிட்டுவிடும். எந்தப் பூட்டுக்காக யார் காத்திருக்கிறார் என்பது அங்கே தெரியும்.

ஒருமுறை தேறியது தேர்ச்சி ஆகாது. நூறில் ஒருமுறை வரும் பிழைதான் ராஃப்டின் உண்மையான பிழை. லேப் 3 முழுவதும் ரேஸ் டிடெக்டர் இல்லாமல் சுமார் 6 நிமிடமும் ஒரு நிமிட சி.பி.யு. நேரமும், அதனோடு சுமார் 10 நிமிடமும் இரண்டு நிமிட சி.பி.யு. நேரமும் எடுப்பது நியாயமான அளவு என்று பாடப்பக்கமே சொல்கிறது. உங்களுடையது சி.பி.யு.வை அதைவிடப் பலமடங்கு தின்றால் எங்கோ தூங்காமல் சுற்றும் ஒரு லூப் இருக்கிறது. நூறு முறை ஓட்ட 10 மணி நேரம்; நான்கு நான்காக ஓட்டினால் இரண்டரை மணி. கோர் எண்ணிக்கைக்கு மிஞ்சி ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். கோரூட்டீன்களுக்கு முறை கிடைக்காமல் இல்லாத பிழைகள் தோன்றும். தோற்ற ஓட்டத்தின் அச்சை மட்டும் கோப்பில் வைத்து, தேறியவற்றை அழியுங்கள்.

லேப் 4: ராஃப்டின் மேல் சேவை

கிளையண்டின் கோரிக்கை ராஃப்டில் ஏறி, கமிட் ஆகித் திரும்பி வந்த பிறகே பதில் சொல்ல வேண்டும். மதிப்பைப் படிக்க மட்டும் வரும் கோரிக்கையும் அப்படித்தான். இல்லையென்றால் தான் தலைவர் பதவியை இழந்ததே தெரியாத சர்வர் பழைய மதிப்பைத் தந்துவிடும். காத்திருக்கும் கோரூட்டீனை எப்போது விடுவிப்பது என்பதுதான் இங்கே சிக்கல். ராஃப்ட் தந்த எண்ணில் வேறொருவரின் கட்டளை வந்து நின்றால், அல்லது டெர்ம் மாறிவிட்டால், "நான் தலைவர் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

லேப் 2-ன் இரட்டிப்புத் தடுப்பு அட்டவணை இங்கே ஸ்னாப்ஷாட்டுக்குள்ளும் போக வேண்டும். விட்டால், ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுந்த சர்வர் பழைய கோரிக்கையைப் புதிதென்று நினைத்து மறுபடி செய்யும். சோதனை நிரல் அதைப் பிடித்துவிடும். வேகச் சோதனை ஒவ்வொரு செயலும் சராசரியாக 33 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும் என்கிறது. புதிய கட்டளையை அடுத்த ஹார்ட்பீட் வரை வைத்திருக்கும் ராஃப்ட் 100 எடுக்கும், தோற்கும். கட்டளை வந்தவுடன் அனுப்பும் கோரூட்டீன்களை எழுப்புங்கள்.

லேப் 5: ஷார்டுகள்

கீக்கள் 10 ஷார்டுகளாகப் பிரிந்து, பல ராஃப்ட் குழுக்களிடம் இருக்கும். யாரிடம் எது என்ற பட்டியலை ஷார்ட் கண்ட்ரோலர் வைத்திருக்கும். அதுவும் ராஃப்டின் மேல் ஓடுவது. கண்ட்ரோலரில் எல்லோரும் விழும் குழி ஒன்று: கோ மொழியின் மேப்பை (கீக்கு ஒரு மதிப்பை வைக்கும் அட்டவணை) சுற்றிவரும் வரிசை ஒவ்வொரு முறையும் மாறும். அந்த வரிசையில் ஷார்டுகளைப் பங்கிட்டால் ஒரே கட்டளைக்கு மூன்று நகல்களும் மூன்று விதமான பட்டியலை உருவாக்கும். குழு எண்களை வரிசைப்படுத்திவிட்டுப் பங்கிடுங்கள். மேப்பை ஒரு மாறியிலிருந்து இன்னொன்றில் போடுவது நகல் ஆகாது என்பதையும் மறக்காதீர்கள். புதிய பட்டியலைத் திருத்தும்போது பழைய பட்டியலும் மாறிவிடும்.

குழுக்களில், பட்டியல் மாற்றங்களை ஒவ்வொன்றாக, வரிசையாக மட்டுமே ஏற்க வேண்டும். மாற்றம், ஷார்ட் வந்துசேர்ந்தது, பழையதை அழித்தது ஆகிய எல்லாமே ராஃப்டின் பதிவேடு வழியே போக வேண்டும். தலைவர் தன் நினைவகத்தில் மட்டும் மாற்றினால் அடுத்த தலைவருக்கு அது தெரியாது. ஷார்டை அனுப்பும்போது அதன் இரட்டிப்புத் தடுப்பு அட்டவணையும் கூடவே போகட்டும்.

கடைசிச் சோதனைகளில் நிரல் பிழையே இல்லாமல் அப்படியே நின்றுபோவது உண்டு. எல்லாச் சர்வர்களும் மறுதொடக்கம் ஆகி, புதிய தலைவரிடம் பழைய டெர்மின் பதிவுகள் கமிட் ஆகாமல் இருக்கும். படம் 8-ன் விதிப்படி, தன் டெர்மில் ஒரு புதிய பதிவு வரும்வரை அவர் அவற்றை கமிட் செய்ய முடியாது. கிளையண்ட் ஷார்டுக்காகக் காத்திருக்கும். ஷார்ட் கமிட்டுக்காகக் காத்திருக்கும். தீர்வு, தலைவர் தன் டெர்மில் பதிவு எதுவும் இல்லை என்று கண்டால் ஒரு வெற்றுக் கட்டளையை ஏற்றுவது. இதை ராஃப்டுக்குள் வைத்துவிடாதீர்கள். லேப் 3-ன் சோதனைகள் பதிவு எண்களைக் கணக்கிடுபவை, அங்கே எல்லாம் ஒரு எண் தள்ளிப்போய்த் தோற்கும். சேவையின் அடுக்கில் வையுங்கள்.

எழுதிய நிரலைப் பொதுவில் போட வேண்டாம் என்று பாடத்தை நடத்துபவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்; அடுத்தடுத்த ஆண்டு மாணவர்களும் பெரும்பாலும் இதே லேப்களைத்தான் செய்கிறார்கள். கிட்ஹப்பில் வைப்பதானால் தனிப்பட்ட களஞ்சியமாக வையுங்கள். வேலைக்கான நேர்காணலில் காட்ட ஏதாவது வேண்டுமென்றால், 3சி-யில் நீங்கள் பிடித்த ஒரு பிழையின் அச்சை எடுத்து, எந்தச் செய்தி எந்த நேரத்தில் தாமதித்ததால் அது வந்தது என்று இரண்டு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராஃப்டை உண்மையான அமைப்பில் பார்க்க விரும்புபவர்கள், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கூபர்நெட்டிஸ் தன் நிலையைச் சேமிக்கப் பயன்படுத்தும் எட்சிடியின் ராஃப்ட் நிரலைத் திறக்கலாம். அதுவும் கோ மொழியில் எழுதப்பட்டதே. லேப் 3 முடித்தவருக்குப் பெயர்கள் பலவும் பழகியவையாகவே இருக்கும்.